பிரித்துப் பார்க்கும் விலங்கு செல் மாதிரி: ஐந்து மாதம் கையாண்ட பிறகு

மகள் 9ஆம் வகுப்பில் செல் பாடத்துக்கு வந்தபோது நுண்ணுறுப்புகளின் பெயர்களை மளமளவென்று ஒப்பித்தாள், ஆனால் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் முழித்தாள். அதற்காகத்தான் இந்த பிளாஸ்டிக் மாதிரியை வாங்கினோம். ஒரு அடி அகலம், பாதியாக வெட்டித் திறந்த விலங்கு செல், உள்ளே உள்ள பாகங்கள் காந்தத்தில் ஒட்டியிருக்கின்றன, பிடுங்கி எடுத்து மறுபடி பொருத்தலாம். பாகங்களின் மேல் பெயர் இல்லை, எண் மட்டும்தான், பெயர்கள் தனிக் கையேட்டில். அது நல்ல யோசனை, பார்த்துப் படிக்க முடியாது, நினைவிலிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது உட்கருவையும் அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும் சவ்வான எண்டோபிளாச வலையையும் ஒரே துண்டாக வார்த்திருப்பது. மகள் முதல்முறை உட்கருவைப் பிடுங்கியபோது வலையும் சேர்ந்து வந்துவிட்டது, உடைத்துவிட்டோமோ என்று பயந்தாள். உண்மையிலேயே அப்படித்தான், உட்கருவின் வெளிச்சவ்வுதான் தொடர்ந்து நீண்டு எண்டோபிளாச வலையாகிறது. பல படங்களில் இரண்டையும் தனித்தனியாக வரைந்துவிடுவதால் இந்தத் தொடர்பு யாருக்கும் மனதில் பதிவதில்லை. உட்கருவின் மேல் சின்னச் சின்னத் துளைகளும் இருக்கின்றன. டி.என்.ஏ. வெளியே வருவதில்லை, அதன் நகலான ஆர்.என்.ஏ.தான் அந்தத் துளை வழியாக வெளியேறி ரைபோசோமைத் தேடிப் போகிறது, ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் கட்டுகிறது. சொரசொரப்பான வலையின் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு மணிகள்தான் ரைபோசோம்கள். இந்த மணியின் உள்ளமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்குத்தான் வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது என்று சொன்னதும் அவளுக்கு அந்த மணிகள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

மைட்டோகாண்ட்ரியாவும் அருமை. மூன்று இருக்கின்றன, அதில் ஒன்று இரண்டாகத் திறக்கும், உள்சவ்வு மடிப்பு மடிப்பாக நன்றாகத் தெரிகிறது. இந்த மடிப்புகள் வெறும் அலங்காரம் இல்லை, செல் செலவழிக்கும் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் இயந்திரங்கள் அந்த உள்சவ்வில்தான் பதிந்திருக்கின்றன, சவ்வின் பரப்பு கூடினால் இயந்திரங்களுக்கும் இடம் கூடும். புரோட்டான்கள் உள்ளே பாயும் வேகத்தில் அவை நிஜமாகவே சக்கரம் போலச் சுழல்கின்றன. கையேட்டிலோ 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று ஒரே ஒரு வரி. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, மனிதர்களில் அதில் 37 மரபணுக்கள் என்பதையாவது போட்டிருக்கலாம். ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் குடியேறித்தான் இதுவானது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சரி, குறைக்கு வருகிறேன். அளவுகளை நம்பவே கூடாது. நடுத்தரமான செல் 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்த மாதிரி சுமார் 15,000 மடங்கு பெரிது. அந்தக் கணக்கில் செல் சவ்வு ஒரு காகிதத் தடிமன்தான் இருக்க வேண்டும், இதில் ஒரு விரல் தடிமன். ரைபோசோம் அரை மில்லிமீட்டரைத் தொடக்கூடாது, இதில் மணி மணியாக 3 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று செய்திருப்பார்கள், புரிகிறது, ஆனால் கையேட்டில் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டாமா? உட்கரு மட்டும் கிட்டத்தட்ட சரியான அளவில், 9 சென்டிமீட்டர் இருக்கிறது. அப்புறம் நாங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு மனித செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர், அதை 15,000ஆல் பெருக்கினால் 30 கிலோமீட்டர். இந்த உட்கருப் பந்துக்குள் முடியைவிட மெல்லிய 30 கிலோமீட்டர் நூல்! அவள் அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

கோல்கை உறுப்பை எண்டோபிளாச வலைக்கு எதிர்ப்பக்கத்தில், சம்பந்தமே இல்லாத மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். வலையில் தயாரான புரதம் சின்னப் பைகளில் ஏறிக் கோல்கைக்குப் போய், அங்கே திருத்தப்பட்டு, முகவரி குறிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. அந்தப் பைகள் ஒன்றுகூட இதில் இல்லை, அதனால் கோல்கை என்னதான் செய்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவே வராது. லைசோசோமுக்குக் கையேட்டில் 'தற்கொலைப் பை' என்ற பழைய பட்டம்தான். அதன் அன்றாட வேலை பழுதான பாகங்களைச் செரித்துப் பொருளைத் திருப்பித் தருவது, உள்ளே அமிலத்தன்மை, பி.எச். 5க்குப் பக்கம். செல் தன் பாகங்களையே இப்படிச் செரித்துக்கொள்ளும் முறையைக் கண்டறிந்ததற்குத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம்கூட நாமே வாயால் சொல்லிச் சரிக்கட்டிவிடலாம். என்னால் மன்னிக்க முடியாதது சைட்டோபிளாசத்தை வெறும் நீல நிறக் கூழாகப் பூசி விட்டிருப்பதுதான். செல்லுக்குள் எலும்புக்கூடு போல ஒரு இழை அமைப்பு இருக்கிறது, நுண்குழல்களும் ஆக்டின் இழைகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோல்கை அனுப்பும் பைகளை கைனெசின் என்ற புரதம் முதுகில் சுமந்து அந்த நுண்குழல் மேல் அடியெடுத்து நடக்கிறது, செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பதும் அதே குழல்கள், வெள்ளை அணு கிருமியைத் துரத்தி ஊர்ந்து போவது ஆக்டினால். இது இல்லாமல் செல்லைக் காட்டினால் பாகங்கள் தண்ணீரில் மிதப்பது போலத்தான் தோன்றும், என் மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நுண்குழல்கள் கிளம்பும் மையத்தில் இருக்கும் சென்ட்ரியோல் இரண்டை மட்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சரியாக வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி ஒரு குழல்கூடக் கிளம்பவில்லை. கடைசியில் நாங்களே வெள்ளை நூலை வெட்டி அங்கிருந்து சவ்வுவரை ஒட்டினோம், இப்போது பார்க்க எவ்வளவோ மேல்.

தரம் பரவாயில்லை. சென்ட்ரியோலின் காந்தம் மட்டும் மூன்றாம் மாதமே கழன்றுவிட்டது, பசை போட்டு ஒட்டினேன். பெயிண்ட் இன்னும் உரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் இருந்தால் தாராளமாக வாங்கலாம், பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதாக இருந்தால் வேண்டாம்.

இதே வரிசையில் தாவர செல் மாதிரியும் வருகிறது, மகள் கேட்டாள். படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தோம்: பசுங்கணிகம் ஆறு, மைட்டோகாண்ட்ரியா ஒன்றுகூட இல்லை. பசுங்கணிகம் வெயிலில் சர்க்கரை செய்தால் போதுமா, அதை உடைத்து ஏ.டி.பி. எடுக்கத் தாவரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டுமே, வேருக்கு வெயிலே கிடையாதே என்று அவளே சொன்னாள். அதை வாங்கவில்லை.