ஃபோம் கேனன்: நுரை பிரமாதம், அந்தத் திருகுதான் பிரச்சினை

பிரஷர் வாஷரில் மாட்டி, பாட்டிலில் உள்ள சோப்புக் கலவையை நுரையாக அடிக்கிற ஃபோம் கேனன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கிப்போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியவில்லை. என்னிடம் இருப்பது 1 லிட்டர் பாட்டிலும் பித்தளைத் தலையும் கொண்ட சாதாரண மாடல். சில வருடங்களாகக் கார், கேட், போர்டிகோ டைல்ஸ், காம்பவுண்ட் சுவர் என்று எல்லாவற்றிலும் அடித்துப் பார்த்துவிட்டேன்.

நுரையைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. ஷேவிங் க்ரீம் மாதிரி கெட்டியாக வந்து கார் கதவில் ஒட்டி நின்று, மண்ணை ஊறவைத்துக்கொண்டே மெதுவாக இறங்கும். துணியைத் தொடுவதற்கு முன்பே பாதி அழுக்கு கழன்றுவிடுகிறது, அதனால் பெயின்டில் கீறலும் குறைவு. நுரையை மட்டும் பார்த்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

என் கோபமெல்லாம், பாட்டிலிலிருந்து வரும் அளவைக் கூட்டிக் குறைக்கிற, தலையில் இருக்கிற திருகு மேல்தான். ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ், நடுவில் ஒரு எண்ணும் கிடையாது, கோடும் கிடையாது. கெமிக்கல் கேனில் 1:100 என்று போட்டிருக்கும். பாட்டிலுக்குத் தனி அளவு சொல்லாத கேனில் அது பரப்பில் விழும்போது இருக்க வேண்டிய அளவு. ஆனால் பாட்டிலில் நாம் கலந்து வைப்பது வாஷரிலிருந்து வரும் தண்ணீரோடு மறுபடியும் கலந்துதான் வெளியே போகிறது. எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டிய ஒரே பாகம் அந்தத் திருகு, அது வாயே திறப்பதில்லை.

சரி, நாமே அளந்துவிடலாம், கஷ்டமில்லை. பாட்டிலில் வெறும் தண்ணீர் 1 லிட்டர் ஊற்றி, திருகைப் பிளஸ் பக்கம் கடைசிவரை திருப்பி, லிட்டர் கோடு போட்ட 20 லிட்டர் பக்கெட்டுக்குள் அடிக்க வேண்டும். என்னுடையதில் பாட்டில் காலியாகும்போது பக்கெட்டில் ஏறக்குறைய 12 லிட்டர். அதாவது பாட்டிலில் உள்ளது 12 மடங்காகப் பெருகுகிறது. மைனஸ் பக்கம் திருப்பினால் பக்கெட் முழுக்க 20 லிட்டர் நிறைந்த பிறகும் பாட்டிலில் கால் பங்கு மிச்சம், அப்படியென்றால் கிட்டத்தட்ட 27 மடங்கு. இப்போது கணக்குப் போடுங்கள். 1:100 வேண்டுமென்றால் பிளஸ் பக்கத்தில் பாட்டிலுக்கு 120 மில்லி, மைனஸ் பக்கத்தில் 270 மில்லி. ஒரு திருகு நகர்ந்தால் கெமிக்கல் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது! லேபிளைப் பார்த்து 1 லிட்டர் பாட்டிலில் 10 மில்லி ஊற்றி அடிப்பவர்களுக்குச் சுவரில் விழுவது 1:1200தான். அப்புறம் கெமிக்கல் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை. பாவம், அவர் என்ன செய்வார்?

பாசி விஷயத்தில் இது இன்னும் மோசம். மழை முடிந்ததும் காம்பவுண்ட் சுவரில் படிகிற கரும்பாசிக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவ ப்ளீச், சுருக்கமாக ஹைப்போ) நன்றாகக் கேட்கும், சுவரில் 1 சதவீதம் விழுந்தால் போதும். கடையில் கிடைக்கிற 10 சதவீதக் கேனை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல் பாட்டிலில் ஊற்றினாலும், 12 மடங்கு பெருகும்போது 0.83 சதவீதம்தான் வரும். அந்த 10 சதவீதமும் கேன் புதிதாக இருக்கும்வரைதான். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் சில மாதங்களிலேயே வீரியம் பாதியாகிவிடும். இது போதாதென்று பித்தளையையும் உள்ளே இருக்கிற ரப்பரையும் அது அரித்துவிடும். ஆக, பாசிக்கு ஃபோம் கேனன் உதவாது.

அதற்கு நான் எடுப்பது வயலில் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரை, இதற்கென்றே தனியாக வாங்கியது. டேங்கில் என்ன கலந்தோமோ அதுதான் நாசிலில் வரும். 1 லிட்டர் ஹைப்போ, 9 லிட்டர் தண்ணீர், 1 சதவீதம், கணக்கு முடிந்தது. விவசாயிகள் காலம்காலமாக "ஒரு டேங்குக்கு இத்தனை மில்லி" என்றே பேசுகிறார்கள், அதைவிடத் தெளிவான அளவுமுறையை நான் பார்த்ததில்லை. அடித்து 10, 15 நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு வாஷரால் கழுவினால் சுவர் பளிச். பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றிய பாட்டிலிலோ டேங்கிலோ ஹைப்போவை ஊற்றவே கூடாது, சுவரில்கூட ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. வெளிவருவது குளோரின் வாயு, மூச்சையே பாதிக்கும். தனித்தனிப் பாத்திரம், தனித்தனி நாள்.

போன வாரம் நுரை தண்ணியாக வரத் தொடங்கியதால் தலையைக் கழற்றிப் பார்த்தேன். நுரை உண்டாக்குகிற கம்பிவலை உருளை முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, எங்கள் போர் தண்ணீர் அப்படி. வினிகரில் ஊறவைத்தும் சரிவரவில்லை, புதிது வாங்கிப் போட்டேன். பிறகு பழையபடி பக்கெட் வைத்து அளந்தால் 12 மடங்கு இப்போது 10 ஆகியிருக்கிறது. எழுதி வைத்த அளவெல்லாம் மறுபடி மாற்ற வேண்டும். இந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நுரைக்கு முழு மார்க் கொடுப்பேன், பித்தளைத் தலை இன்னும் பத்து வருடம் உழைக்கும், விலையும் நியாயம்தான், இருந்தாலும் வேண்டாம். நான்கு கோடும் நான்கு எண்ணும் பொறிக்க ஒரு கம்பெனிக்கு எவ்வளவு செலவாகிவிடும்? அதைச் செய்கிற மாடல் கண்ணில் பட்டால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். இல்லை, தள்ளுபடி முடிவதற்குள் இதையே வாங்கியாக வேண்டும் என்றால், உங்கள் வாஷர் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் விடுகிற சின்ன மெஷின் என்பதால் தலைக்குள் தண்ணீர் போகிற துளை 1.25 மில்லிமீட்டர் உள்ளதை விட்டுவிட்டு 1.1 துளை உள்ளதைக் கேளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பக்கெட்டில் அடித்து அளந்து, திருகில் பெர்மனன்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.