ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள்: இரண்டடி மீன் தொட்டியோடு ஏழு வருடம்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் மீன் தொட்டி 2018 பிப்ரவரியில் சென்னை கொளத்தூரில் வாங்கியது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 70 லிட்டர் பிடிக்கும். கல்லும் செடியும் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஏழு வருடம் தாண்டிவிட்டது. இதற்குள் மூன்று விதமான ஃபில்டர், ஒரு யூவி விளக்கு, பல மருந்து பாட்டில்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. தண்ணீர் கலங்கிக் கலங்கி மனம் நொந்தவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே தொட்டி கழுவும் நாள். மூன்று கோல்டு ஃபிஷ்ஷையும் பக்கெட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கல்லை அலசி வெயிலில் காயவைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதிது போல ஆக்குவேன். மாலையில் தொட்டி பளிங்கு மாதிரி இருக்கும். புதன்கிழமை பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர். நாலாவது மாதம் ஒரு மீன் போனது, அடுத்த வாரம் இன்னொன்று.

கொளத்தூர் கடைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"எவ்வளவு தண்ணி மாத்துறீங்க தம்பி?"

"முழுசும் மாத்திடுறேன்ணே."

"ஸ்பாஞ்சை?"

"குழாயில நல்லா கழுவிடுறேன்."

"அதான். வாராவாரம் புதுத் தொட்டி வச்சிட்டு இருக்கீங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் அன்று முழுதாகப் புரியவில்லை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி இன்னும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் ஓரளவு இருந்தால் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் அவை நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து கழுவினால் அவற்றில் நிறைய போய்விடும். பிறகு எஞ்சிய உணவின் மேல் வேறு வகை பாக்டீரியா தண்ணீரிலேயே பெருகுகிறது. அந்த வெள்ளைக் கலங்கல் அதுதான். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி முழுத் தண்ணீரையும் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் தண்ணீரில் மருந்துத் துளி விட்டு நிறத்தை வைத்துச் சோதிக்கும் ஏபிஐ கம்பெனி டெஸ்ட் கிட் ஒன்று வாங்கினேன். ஏழு வருடத்தில் நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது இதுதான். முதல் நாள் சோதித்தபோது தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சோதனைக் குழாயில் நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போய் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா என்று காட்டியது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் மீன் மூச்சு முட்டிச் சாகலாம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். செத்த இரண்டு மீனையும் நினைத்து இன்றைக்கும் வருத்தம் உண்டு. கிட் வாங்குபவர்கள் நைட்ரேட் சோதனையின் இரண்டாவது பாட்டிலை முப்பது விநாடி பலமாகக் குலுக்குங்கள். அடியில் படிந்தது கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

எல்லாவற்றையும் விட அதிகம் கற்றுக்கொடுத்தது 2019 கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் ஏறக்குறைய வறண்டு, தெருவில் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த நேரம். மீனுக்கு 60 லிட்டர் என்று கேட்க வீட்டில் யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. மிச்சமிருந்த கோல்டு ஃபிஷ்ஷை சித்தப்பா வீட்டு சிமெண்ட் தொட்டிக்கு அனுப்பினேன். அது கழிவு அதிகம் போடுகிற மீன், இரண்டடித் தொட்டிக்கு ஏற்றதே இல்லை. மோலி என்கிற சின்ன மீன் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு வாரம் ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றினேன். லாரித் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்ததால் முதல் நாளே பக்கெட்டில் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு வைப்பேன், ஊற்றும் முன் ஆன்டி குளோரின் இரண்டு சொட்டு. தீனியைப் பாதியாகக் குறைத்தேன். ஸ்பாஞ்சைக் கழுவத் தண்ணீர் இல்லாததால் எடுத்த ஆறு லிட்டரிலேயே இரண்டு முறை அமுக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். மணி பிளாண்ட் கொடி ஒன்றின் வேரை மட்டும் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். அது நைட்ரேட்டை உறிஞ்சி வளரும்.

நாற்றமெடுக்கும் என்று நினைத்தேன். ஒன்றரை மாதத்தில், அதுவரை நான் பார்த்திராத தெளிவு வந்தது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். தொட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் படம் இந்தப் பக்கத்திலிருந்து கோடு கோடாகத் தெரிந்தது. எடுத்த தண்ணீர் மொட்டை மாடிக் கறிவேப்பிலைக்குப் போனது; அந்த வருடம் அது தழைத்த மாதிரி எப்போதும் தழைத்ததில்லை.

இனி ஃபில்டர்கள். முதலில் வைத்திருந்தது கண்ணாடியில் ஒட்டும் இன்டர்னல் பவர் ஃபில்டர். மிதக்கும் தூசியை நன்றாகவே பிடிக்கும், ஆனால் ஸ்பாஞ்ச் சின்னது, பத்து நாளில் அடைத்துக்கொள்ளும். ஒன்றரை வருடத்தில் மோட்டார் நின்றது. அடுத்து பின்பக்கம் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டர். உள்ளே வந்த கார்பன் பையை எடுத்துவிட்டு, பாக்டீரியா ஒட்டி வளர செராமிக் ரிங் போட்டுக்கொண்டேன். கார்பன் ஒரு மாதத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும்; மருந்து போட்ட பிறகு அதை நீக்குவதற்கும், மரக்கட்டையின் பழுப்பு நிறத்தை எடுப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இந்த ஃபில்டரும் நல்லதுதான், ஆனால் மின்சாரம் போய் வந்தால் சில நேரம் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே ஓடும்.

இப்போது ஐந்து வருடமாக இருப்பது இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரே ஏர் பம்ப். இருப்பதிலேயே விலை குறைவானது இதுதான். உள்ளே மோட்டார் இல்லை, பழுதாக எதுவும் இல்லை, குட்டி மீனை உறிஞ்சாது. பார்க்க அழகில்லை, குமிழிச் சத்தம் உண்டு, நுண்ணிய தூசியை மெதுவாகத்தான் பிடிக்கும். இருந்தாலும் ஒரே ஒரு ஃபில்டர் வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மாதம் ஒரு ஸ்பாஞ்ச், தொட்டித் தண்ணீரிலேயே அமுக்கிக் கழுவுகிறேன். அடுத்த மாதம் மற்றது. இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை.

பச்சைத் தண்ணீர் வேறு விஷயம். 2021இல் வீட்டுச் சாமான்களை மாற்றி வைத்தபோது தொட்டி ஜன்னலோரம் போனது. மூன்று வாரத்தில் பாசிப்பயறு வேகவைத்த நிறம். மிதக்கும் பாசி எந்த ஸ்பாஞ்சிலும் நிற்காது, தண்ணீர் மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்பும். சின்ன யூவி விளக்கு ஒன்று மாட்டினேன், ஐந்தாம் நாள் தெளிந்தது. ஆனால் அதைக் கழற்றிய பத்தாம் நாள் மறுபடி பச்சை. தொட்டியை உள் சுவருக்கு மாற்றி, தொட்டியின் சாதா விளக்கு எரியும் நேரத்தை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்த பிறகு யூவி தேவையே இல்லாமல் போயிற்று.

தண்ணீரைத் தெளியவைக்கும் திரவங்களும் வாங்கினேன். தூசியை ஒன்றுசேர்த்து அடியில் உட்காரவைக்கும், ஒரு நாள் பளிச்சென்று இருக்கும். காரணம் அப்படியே இருப்பதால் கலங்கலும் திரும்பும். பாட்டி தேத்தாங்கொட்டையை உரசி விடச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரின் மண் கலங்கலுக்கு அது அருமையான வைத்தியம். ஆனால் கரைந்திருக்கும் அம்மோனியாவை அது தொடாது. நீல மருந்தை, அதாவது மெத்திலீன் ப்ளூவை, தொட்டியில் நேராக ஊற்றாதீர்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து பாதிக்கப்படும். நோயுற்ற மீனைத் தனி டப்பாவில் விட்டுப் போடுங்கள்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமானது, அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகம். மோலிக்கும் கப்பி மீனுக்கும் அது பிடிக்கும், அதனால் ஆர்ஓ தண்ணீர் பக்கம் போகவில்லை. கண்ணாடி விளிம்பில் படியும் வெள்ளைக் கோட்டை எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைத்தால் போய்விடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஏர் ஓடாவிட்டால் மீனுக்கு மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் இல்லை. முன்பே வாங்கி வைத்திருந்த பேட்டரி ஏர் பம்ப்தான் காப்பாற்றியது. அந்த இரண்டு நாளும் தீனி போடவில்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

இப்போதைய வழக்கம் இதுதான். ஞாயிறு காலை சைபன் குழாயால் கல்லுக்கு நடுவில் இருக்கும் கழிவோடு பதினைந்து லிட்டர் எடுக்கிறேன், குளோரின் போன தண்ணீரை அதே அளவு ஊற்றுகிறேன். இருபது நிமிட வேலை. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான், வியாழக்கிழமை பட்டினி. கல்லின் கனத்தை ஓரங்குலத்துக்கு மேல் வைப்பதில்லை. ஏர் பம்ப் சத்தம் இந்த வாரம் கூடியிருக்கிறது, உள்ளே டயாஃப்ரம் ரப்பர் தேய்ந்திருக்கும். சனிக்கிழமை கொளத்தூர் போய் ஒன்று வாங்கி வர வேண்டும்.