முதல் போடாமல் எல்.இ.டி. தெருவிளக்கு: சிறு நகராட்சிக்குக் கட்டுப்படியாகுமா?

தேசிய தெருவிளக்குத் திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கியது. மத்திய அரசு சார்ந்த இ.இ.எஸ்.எல். (எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் லிமிடெட்) நிறுவனம் அதில் பரவலாக்கிய ஏற்பாடு இது: நகராட்சி முதல் போட வேண்டாம். பழைய விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டி, பெரும்பாலும் ஏழு ஆண்டு பராமரிப்பார்கள். மிச்சமாகும் மின்கட்டணத்தில் தவணை கட்டிவந்தால் போதும். நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விளக்குகள் இப்படி மாறிவிட்டன. விளக்கைப் பற்றி அதிகம் குறை சொல்வதற்கில்லை. ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஊரில் 2,000 டியூப் லைட், 500 பெரிய சோடியம் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட் டியூப் சோக்கோடு சேர்த்து 52 வாட் இழுக்கும்; அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. வருகிறது. 250 வாட் சோடியம் 285 வரை இழுக்கும். அங்கே 120 வாட் போதும். டியூப்களில் மிச்சம் 64 கிலோவாட், சோடியத்தில் 82.5. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால் பிரதான சாலையில் உள்ள 500 சோடியம் விளக்கை மட்டும் முதலில் மாற்றுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். இரண்டும் சேர்ந்து 146.5 கிலோவாட். இரவுக்கு 11 மணி நேரம், ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மணி நேரம் எரிந்தால் 5,86,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 47 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

தாளில் வரும் இந்த 47 லட்சம் பில்லில் வருவதில்லை. பழைய விளக்குகளில் ஐந்தில் ஒன்று எரியாமலே கிடந்திருந்தால், பழைய பில் 246.5 கிலோவாட்டுக்கு அல்ல, சுமார் 197-க்குத்தான் வந்திருக்கும். புதிதில் எல்லாமே எரியும்: 100 கிலோவாட். ஆக நிஜ மிச்சம் 97. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, தவணையோ 146.5-ஐ வைத்தே நிர்ணயமாகியிருக்கும். ஊர் வெளிச்சமானது உண்மைதான், ஆனால் வெளிச்சம் தவணை கட்டாது. கையெழுத்துக்கு முன்பே, ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸிலும் இரவு நேரத்தில் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து சுமையை அளந்து, பன்னிரண்டு மாத பில்லோடு ஒட்டிப்பார்த்து, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். வேலை முடிந்ததும் மின்வாரியத்தில் ஒப்பந்தச் சுமையை (இணைப்புக்குப் பதிவான கிலோவாட் அளவை) குறைக்கவும் விண்ணப்பியுங்கள். நிலைக்கட்டணம் சுமைக்கு ஏற்ப விதிக்கப்படும் இணைப்பில் இதை மறந்தால் யூனிட் மட்டுமே குறையும்.

பட்ஜெட்டில் இதை எழுதும் விதமும் முக்கியம். தமிழக நகராட்சிகளில் குடிநீர் மற்றும் வடிகால் நிதி தனிக் கணக்கு. தெருவிளக்குச் செலவு வருவாய் நிதியில் வரும். குடிநீர் மோட்டார் பில்லையும் விளக்கு பில்லையும் ஒரே தொகையாகப் பார்த்தால் மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. மிச்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்காமல் விட்டால் அது சம்பளத்துக்கும் சாக்கடைக்கும் போகும், தவணை நிற்கும், அடுத்து பராமரிப்பு ஆட்கள் வருவது நிற்கும். பல உள்ளாட்சிகள் இந்தத் திட்டத்தில் பாக்கி வைத்தது ஊரறிந்த செய்தி.

பழுது என்று பார்த்தால், எல்.இ.டி. சில்லு போவது அரிது. போவது டிரைவர், அதாவது சில்லுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் (பொதுத் திரும்பு கம்பி) அறுந்தால் 230 வோல்ட்டுக்கான விளக்கில் 400 வரை ஏறி, ஒரே இரவில் தெரு முழுக்க டிரைவர் கருகும். சர்ஜ் புரொடெக்டர் மின்னல் துடிப்பைத் தாங்குமே தவிர, ஏறி நீடிக்கும் வோல்ட்டேஜைத் தாங்காது. எர்த் சரியில்லை என்றால் மின்னல் துடிப்பையும் தாங்காது. வோல்ட்டேஜ் ஏறினால் தானே துண்டித்துக்கொண்டு 440 வோல்ட் வரை கருகாமல் தாங்கும் டிரைவரை டெண்டரிலேயே கேளுங்கள்.

இணையவழிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ரொம்ப நம்ப வேண்டாம். நேரத்துக்கு ஏற்றி அணைக்கும், யூனிட்டை அளக்கும், அதுவரை நல்லது. ஆனால் ஐம்பது விளக்குள்ள 1,000 வாட் லைனில் ஒன்று பழுதாகி அணைந்தால் குறைவது இரண்டு சதவீதம். வோல்ட்டேஜ், மீட்டர் பிழை ஆகியவற்றுக்கு நடுவே அது கண்ணில் படாது. உள்ளே இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் அந்தப் பெட்டியும் ஊமையாகிவிடும். வாரம் ஒருமுறை இரவுச் சுற்றுக்கு ஆள் வேண்டும். புகாருக்கு 48 மணி நேரக் கெடுவும், தவறினால் அந்த மாதத் தவணையில் பிடித்தமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதும் எல்லா இடத்துக்கும் ஆகாது. கம்ப இடைவெளி 30 மீட்டரைத் தாண்டும் தெருவில் 20 வாட் விளக்குகளுக்கு நடுவே இருட்டு விழும். பூங்காவில் மரக்கிளைக்கு மேலே தொங்கும் விளக்கு இலைக்குத்தான் வெளிச்சம் தரும். இந்த இடங்களுக்குப் புதுக் கம்பச் செலவை நகராட்சியே தனியாக ஒதுக்க வேண்டும். பொதுவாக அது தவணைக்குள் வராது. எட்டாம் ஆண்டு பராமரிப்பு நகராட்சியின் கைக்கு வந்துவிடும். அதற்கு மாற்று டிரைவர் வாங்கும் தொகையை ஆறாம் ஆண்டு பட்ஜெட்டிலேயே ஒதுக்கத் தொடங்குங்கள்.