'இன்', 'ஆன்', 'அட்': கன்னியாகுமரி லாட்ஜ் ரிசப்ஷனில் பல வருடப் புழக்கம்

கன்னியாகுமரியில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. வடநாட்டிலிருந்து வருகிறவர்கள், மலையாளிகள், சீசனில் வெளிநாட்டுக்காரர்கள் என்று யார் வந்தாலும் பொதுவாகக் கைகொடுப்பது ஆங்கிலம்தான். அதில் நாள் முழுக்க எனக்கு உழைப்பது பெரிய பெரிய வார்த்தைகள் இல்லை. 'இன் அட்வான்ஸ்', 'ஆன் அரைவல்', 'அட் நைட்', 'இன் கேஷ்', 'பை கார்ட்' மாதிரி இரண்டு மூன்று சொல் சேர்ந்த துண்டுகள்தான். 'இன்', 'ஆன்', 'அட்' மாதிரியான பிரிபோசிஷனும் அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்லும் சேர்ந்த இந்தத் தொடர்களை ஒரே சொல் மாதிரி முழுசாகப் பழகுவது என்று ஒரு வழி வைத்திருக்கிறேன். அது எங்கே நன்றாக உதவுகிறது, எங்கே போதவில்லை என்று எழுதிவைக்கத் தோன்றியது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் 'இன்' என்றால் 'இல்', 'ஆன்' என்றால் 'மேல்' என்று படிப்போம். ஆனால் நம்முடைய 'இல்' எல்லா வேலையும் பார்க்கும்: பையில், பஸ்ஸில், மழையில், இரவில், சுவரில். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள்: 'இன் த பேக்', 'ஆன் த பஸ்', 'இன் த ரெயின்', 'அட் நைட்', 'ஆன் த வால்'. எது வரும் என்பதைப் பின்னால் நிற்கும் பெயர்ச்சொல்லும் நாம் சொல்லவரும் பொருளும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அதனால் 'இன்'னைத் தனியாகப் படித்து ஒரு புண்ணியமும் இல்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊருக்கு இதைக் கடலை வைத்தே சொல்லலாம். குளிக்கிறவர் 'இன் த சீ'. மீன்பிடிக்கப் போய் இன்னும் கரை திரும்பாதவர் 'அட் சீ'. இங்கே 'த' கிடையாது, ஆள் கடல் பயணத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் லாட்ஜ் இருப்பது 'பை த சீ', அதாவது கடலோரம். அதே 'பை'க்குப் பின்னால் 'த'வை எடுத்துவிட்டால் 'பை சீ', கடல் வழியாக என்றாகிவிடும். விவேகானந்தர் பாறை கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கு 'ஆஃப் த கோஸ்ட்'. தமிழில் முதல் இரண்டுக்கும் 'கடலில்' என்றே சொல்லிவிடுவோம். இந்த ஐந்தையும் ஒருவர் வாயில் ஏற்றிக்கொண்டால் பாதி இலக்கணம் வந்துவிட்டது என்பேன்.

வண்டிகளும் அப்படித்தான். எங்கள் லாட்ஜில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "அண்ணே, பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன். ரெண்டுலயும் உள்ள ஏறித்தான உக்காருவோம்?" நான் சொன்னேன்: "உள்ள எந்திரிச்சு நடக்க முடிஞ்சா ஆன், குனிஞ்சு ஏறி அப்படியே உக்காந்தா இன். அவ்வளவுதான் மக்கா." பஸ், ரயில், பாறைக்குப் போகும் படகு எல்லாம் 'ஆன்'. கார், ஆட்டோ 'இன்'. வள்ளத்துக்கு உட்குழிவு இருக்கிறது, அதனால் 'இன்'. கட்டுமரத்துக்கு உள்பக்கமே இல்லை, அதன் மேல்தான் இருக்க வேண்டும், ஆகவே 'ஆன்'. எப்படி வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது மட்டும் 'பை பஸ்', 'பை ட்ரெயின்'. நடந்து வந்தால் 'ஆன் ஃபுட்'.

நேர விஷயத்தில் இந்தப் பழக்கம் எனக்குக் காசு மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது என்றே சொல்வேன். 'செக் அவுட் பை லெவன்' என்றால் பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். 'யூ கேன் ஸ்டே அன்டில் லெவன்' என்றால் பதினொரு மணி வரை இருக்கலாம். நம் 'க்குள்', 'வரை' இரண்டோடும் இவை கச்சிதமாகப் பொருந்துகின்றன; இந்த ஒரு இடத்தில் தமிழே வழிகாட்டும். 'ஃபார் டூ டேஸ்', 'சின்ஸ் மண்டே' இரண்டும் அதே ரகம்: இரண்டு நாளாக, திங்கட்கிழமையிலிருந்து. நம் பக்கம் பலர் 'சின்ஸ் டூ டேஸ்' என்கிறார்கள். அதைக் கொஞ்சம் கவனித்துத் திருத்திக்கொள்ளலாம்.

சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு 'அட் சன்ரைஸ்', ஆனால் 'இன் த மார்னிங்'. சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் இங்கே பார்க்கலாம். அது ஒரு குறிப்பிட்ட நாள், அதனால் 'ஆன்'. ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தால் 'ஆன் டைம்'. உதயத்துக்கு முன்னால் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் 'இன் டைம்'.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். தக்கலைப் பக்கம் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசிடம். இதைப் புரியவைக்க 'இன் தமிழ்நாடு, பட் அண்டர் த கேரளா கவர்ன்மென்ட்' என்ற இரண்டு தொடர் போதும். கூடவே 'குளோஸ்ட் ஆன் மண்டேஸ்' என்றும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் திங்கட்கிழமை போய் ஏமாந்து திரும்புவார்கள்.

வழி சொல்லும்போது 'ஆப்போசிட்', 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' இரண்டையும் குழப்பக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிரே இருந்தால் முதலாவது. கட்டிடத்தின் வாசலுக்கு முன்னால், இதே பக்கம் நின்றால் இரண்டாவது. பெட்டியோடு வெயிலில் நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தொடரை முழுசாகப் பழகும் இந்த வழி கைவிடும் இடம் என்றால், தொடர்களை வரிசையாக அடுக்கும்போதுதான். தமிழில் விவரமெல்லாம் முன்னால் வந்து பெயர் கடைசியில் நிற்கும்: இரண்டு பாறைகளுக்கும் நடுவிலுள்ள கண்ணாடிப் பாலம். ஆங்கிலத்தில் பெயர் முதலில், விவரம் பின்னால்: 'த கிளாஸ் பிரிட்ஜ் பிட்வீன் த டூ ராக்ஸ்'. ஒரு தொடர் என்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று சேர்ந்தால் எது எதைச் சார்ந்தது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். 'எ ரூம் ஃபார் டூ கெஸ்ட்ஸ் வித் எ சீ வியூ' என்று எழுதினால் கடல் தெரிவது அறையிலிருந்தா, விருந்தினருக்குச் சொந்தமானதா என்று வாக்கியம் ஆடும். 'எ ரூம் வித் எ சீ வியூ ஃபார் டூ கெஸ்ட்ஸ்' என்று அறைக்குப் பக்கத்திலேயே கடலை வைத்துவிட்டால் சரி. இது மனப்பாடத்தில் வராது, ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும்.

இன்னொன்று, நாட்டுக்கு நாடு மாறுவது. வார இறுதிக்கு பிரிட்டிஷ்காரர் 'அட் த வீக்கெண்ட்' என்பார், அமெரிக்கர் 'ஆன் த வீக்கெண்ட்' என்பார். இரண்டும் சரிதான், எதிரில் நிற்பவர் சொல்வதையே நானும் சொல்லிவிடுகிறேன். 'ஆன் த ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பதில்தான் நிஜமான சிக்கல். பிரிட்டிஷ்காரருக்கும் நமக்கும் அது மாடி, அமெரிக்கருக்கு அது தரைத்தளம். அதனால் சாவி கொடுக்கும்போது 'ஒன் ஃப்ளோர் அப்' என்று சேர்த்தே சொல்கிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நோட்டில் 'அட்' என்று தலைப்புப் போட்டுப் பட்டியல் எழுத வேண்டாம். உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் பெயர்ச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன வருகிறது என்று கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். மெயில் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரிபோசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' வடிவம்தான். 'பிஃபோர் லீவிங்', 'ஆஃப்டர் செக்கிங் அவுட்', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ'. கடைசியில் உள்ள 'டு'வைப் பார்த்து 'சீ' என்று எழுதத்தான் கை போகும். அங்கே அந்த 'டு' பிரிபோசிஷன். அப்புறம் 'நெக்ஸ்ட் டு', 'கிளோஸ் டு' இரண்டும் 'டு' கேட்கும், 'நியர்' கேட்காது: 'நியர் த பீச்'.