ஐந்து மீற்றர் நீளும் நாய் வார்: திருகோணமலையில் மூன்று மாதப் பாவனைக்குப் பின்

நகரத்திலுள்ள வளர்ப்புப் பிராணிகளுக்கான கடையொன்றில் 2,800 ரூபாவுக்கு வாங்கிய, தானாக நீண்டு சுருங்கும் நாய் வாரை மூன்று மாதங்களாக நாள்தோறும் இரு வேளையும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். கைப்பிடிக்குள் ஒரு சுருள்வில்லும் அதனோடு சுற்றப்பட்ட ஐந்து மீற்றர் நாடாவும் இருக்கின்றன. பெருவிரலால் பொத்தானை அழுத்தினால் நாடா நிற்கும். விட்டால் நாய் போகும் தூரத்துக்கு நீளும். 25 கிலோ வரையான நாய்களுக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வீரன் 18 கிலோ எடையுள்ள நாட்டு நாய்.

டச்பே கடற்கரையில் விடியுமுன் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இந்த வார் மிகவும் வசதியானது. வீரன் அலை தொடும் இடம்வரை போய் மோப்பம் பிடித்துத் திரும்புவான். நாடா மணலில் இழுபடாது, காலில் சிக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் வாங்குவதென்றால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஆறு மணிக்குப் பின் அதே கடற்கரை நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடுகிறது. ஐந்து மீற்றர் தள்ளி நிற்கும் நாய் யாருடையது என்பதே எதிரே வருபவருக்குத் தெரிவதில்லை. கட்டாக்காலி நாயென்று எண்ணிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகியவர்களைக் கண்டிருக்கிறேன். அரையிருளில் கறுப்பு நாடா கண்ணுக்குப் படாது என்பதையும், வீதியைக் குறுக்கே மறித்து அது நீண்டிருந்தபோது துவிச்சக்கரவண்டியில் வந்த ஐயா ஒருவர் கடைசி நொடியில் காலை ஊன்றி நின்றபோதுதான் உணர்ந்தேன். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் உடலையும் உடையையும் கழுவவேண்டிய இஸ்லாமிய அயலவர்கள் பலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கடந்து போகும்வரை நாயைக் காலோடு சேர்த்து நிறுத்திவைப்பது நம்முடைய கடமை. நாடா சுருங்கி முடியும்வரை அவர்களைக் காத்திருக்கச் செய்வது முறையன்று.

என் முடிவை மாற்றியது மான். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் பிரட்றிக் கோட்டை என்று பெயர்பெற்ற கோட்டைக்குள்ளும் அதைச் சூழ்ந்த வீதிகளிலும் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிவதை இங்குள்ள எல்லோரும் அறிவர். இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை, கோட்டை வாயிலுக்கு வெளியே குட்டியோடு நின்ற பெண்மானைக் கண்டு வீரன் பாய்ந்தான். பொத்தானை அழுத்தினேன்; கைப்பிடிக்குள் இருக்கும் பூட்டும் பல்லில் பிடிக்காமல் நாடா வழுக்கியது. வெறுங்கையால் நாடாவைப் பிடித்து நிறுத்தியதில் உள்ளங்கை தோலுரிந்தது. வெருண்ட மான் வீதிக்குப் பாய, வந்துகொண்டிருந்த முச்சக்கரவண்டி மயிரிழையில் நின்றது. பிறகு கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தபோது பூட்டும் பல்லில் மணலும் உப்பும் படிந்திருந்தன. கடற்கரையிலிருந்து வந்ததும் அதைத் துடைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. ஆனாலும் பெட்டியோடு வந்த குறிப்பில் மணலைப் பற்றியோ உப்பைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை மெதுவாகவே தெரிந்தது. நாடா எப்போதும் சற்று இறுக்கமாகவே இருப்பதால், இழுத்தால் இடம் கிடைக்கும் என்று நாய் பழகிவிடுகிறது. முன்பு என் அருகில் நடந்த வீரன் இப்போது வீட்டுப் படலையிலிருந்தே இழுக்கத் தொடங்குகிறான்.

இந்த வாரில் மனமார மெச்சத்தக்கது, கைப்பிடியில் கொளுவியிருக்கும் சிறிய குழாயும் அதற்குள் பைகள் கொண்ட சுருளும்தான். பலர் அதைத் தேவையற்றதென்று கழற்றி எறிகிறார்கள். நாயின் மலத்தில் கொழுக்கிப்புழு முட்டைகள் இருந்தால், அவை ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாட்களில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. கடற்கரையில் செருப்பில்லாமல் விளையாடும் பிள்ளைகளின் காலில் தோலுக்கடியில் நெளிந்து செல்லும் சிவந்த அரிப்பு அப்படித்தான் வருகிறது. உடனே அள்ளிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நாய்க்குக் காலந்தவறாமல் பூச்சிமருந்து கொடுப்பதும் அவசியம். பை மெல்லியது என்பதால் நான் இரண்டாக மடித்தே பிடிக்கிறேன். கட்டிய பையை மணலில் புதைப்பதோ வேலியோரம் வைப்பதோ அள்ளாமல் விடுவதைவிடக் கெடுதலானது. நம் மான்களும் மாடுகளும் குப்பையோடு பொலித்தீனையும் தின்பவை. மூடியுள்ள தொட்டி கிடைக்காத இடத்தில் பையை வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.

நாய்களைப் பற்றிய சட்டங்கள் நமக்குப் புதியவையல்ல. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச்சட்டம் 1893இலும் நாய்களைப் பதிவு செய்வதற்கானது 1901இலும் வந்தன. ஆகவே எந்த வாரை வாங்கினாலும், ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்ட பின்னரே நாயை வீதிக்குக் கொண்டுவாருங்கள்.

நகருக்குள் நாயோடு நடப்பவருக்கு இந்த வாரை நான் பரிந்துரைக்கமாட்டேன். இப்போது ஒன்றரை மீற்றர் நீளமுள்ள, இரண்டு விரலளவு அகலமான சாதாரண நைலோன் பட்டியைப் பித்தளைக் கொளுக்கியோடு 650 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறேன். உப்புக்காற்றில் பித்தளை துருப்பிடிப்பதில்லை. மானைக் கண்டால் பட்டியை ஒருமுறை கையில் சுற்றிக்கொண்டாலே வீரன் என் முழங்காலருகே நிற்கிறான். பழைய கைப்பிடியிலிருந்த பைக்குழாயைக் கழற்றி இந்தப் பட்டியில் கட்டிவிட்டேன். அது மட்டும் நாள்தோறும் பயன்படுகிறது.