'ஃபோகஸிங்': உடம்பிடம் கேட்டுப் பார்க்க ஒரு செய்முறைப் புத்தகம்

'உள்ளுணர்வைக் கேளுங்கள்' என்று சொல்லும் புத்தகங்கள் நிறைய. எப்படிக் கேட்பது என்று சொல்பவை குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று உளவியலுக்கு வந்த யூஜின் ஜென்ட்லின் 1978-இல் வெளியிட்ட 'ஃபோகஸிங்' அந்தச் சில புத்தகங்களில் ஒன்று. மனநல ஆலோசனை அமர்வுகளின் ஒலிப்பதிவுகளை அவரது குழு ஆராய்ந்தபோது, தேறியவர்கள் பேச்சின் நடுவே தயங்கி, "இல்ல, அது இல்ல... வேற ஏதோ" என்று உள்ளே துழாவியது தெரிந்தது. அந்தத் துழாவலைத்தான் ஆறு படிகளாகப் பிரித்துத் தந்திருக்கிறார்.

முதலில், மனதை அடைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். பிறகு அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொண்டை, நெஞ்சு, வயிற்றுப் பகுதியில் கவனத்தை வைக்க வேண்டும். அந்த விஷயம் முழுதும் அங்கே எப்படி இருக்கிறது? தொடக்கத்தில் மங்கலாக, பெயர் சொல்ல முடியாததாகத்தான் இருக்கும். மூன்றாவது படி, அதற்கு ஒரு சொல் தேடுவது. நான்காவது, அந்தச் சொல்லை உடம்போடு ஒத்துப் பார்ப்பது. வேலையை விடலாமா என்ற குழப்பத்துக்கு 'பயம்' என்று சொல்லிப் பார்த்தால் வயிறு அசையாது. 'பாரம்' என்றால் பாதி பொருந்தும். 'அமுக்கி வைத்தது' என்றதும் மூச்சு தானாக வெளியேறினால், சொல் கிடைத்துவிட்டது.

பெரும்பாலானோர் சறுக்குவது ஐந்தாம் படியில். "இதை இப்படி ஆக்குவது எது?" என்று கேட்டதுமே ஓடி வரும் பதில் பழகிய விளக்கம், தலையிலிருந்து வருவது. அதைப் போக விட்டுக் குறைந்தது அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், உடம்பில் எதுவும் தளராவிட்டால் அது விடையில்லை. ஒன்றுமே எழவில்லையா? "இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று உள்ளே சொல்லிப் பாருங்கள். உடனே ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கும். புத்தகத்தின் உருப்படியான உத்தி இதுதான். ஆறாம் படி, வந்ததை விமர்சிக்காமல் ஏற்பது.

ஆம், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து வாங்காதீர்கள், இது ஊசல் பிடித்துக் குறி கேட்பது போன்றதல்ல. பசி, காபி, தூக்கக் குறைவு ஆகியவையும் வயிற்றில் பேசும் என்பதை நினைவில் வைப்பது நல்லது. புதிதாக நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் போங்கள், அதைக் கேள்விக்கான பதிலாக எடுக்காதீர்கள். பழைய அதிர்ச்சியைத் தொடும்போது உணர்ச்சி வெள்ளமாக வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, ஆலோசகர் துணையோடு தொடரலாம்.

குறை என்றால், சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்கள் உண்டு. ஆனால் துணைக்கு அமர்ந்து காதுகொடுத்துக் கேட்பவருக்கான பகுதி தங்கம்: எதிரில் இருப்பவர் அறிவுரை சொல்லாமல், நாம் சொன்னதன் சாரத்தை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். தனியாகச் செய்து தூங்கிவிடுபவர்களுக்கு இப்படி ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடியும். படிகளுக்கான அத்தியாயத்தையும் இந்தப் பகுதியையும் முதலில் படியுங்கள், மற்றவை பிறகு.