பாம்பன் காற்றுக்கு எந்தச் சக்கரம்? 23 மி.மீ. ரிம் குறித்து ஒரு மதிப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர் சக்கரம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எடையை அன்று. முன்சக்கர ரிம்மின் ஆழத்தை, அதாவது டயர் பக்கமிருந்து சக்கரத்தின் நடுவை நோக்கி ரிம் எவ்வளவு இறங்குகிறது என்பதை. ஆடி மாதக் கச்சான் (தென்மேற்குக் காற்று) மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை பெரும்பாலும் குறுக்காகவே அடிக்கிறது. கடைகளில் முன்னால் மாட்டிவைத்திருக்கும் 50 மி.மீ. கார்பன் ரிம்கள் பார்வைக்கு எடுப்பானவைதான். ஆனாலும், மதுரையில் கம்பி கோர்த்து வாங்கி இப்போது நான் ஓட்டிவரும் அலுமினிய ஜோடியை விட்டுவிட்டு அவற்றுக்கு மாற எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஜோடியில் இருப்பது டிடி சுவிஸ் ஆர் 460 ரிம். ஆழம் 23 மி.மீ., உள் அகலம் 18 மி.மீ. சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் ஹப் ஷிமானோ 105. முன்னும் பின்னும் தலா 28 துருப்பிடிக்காத எஃகு போக்ஸ் கம்பிகள், முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ.; கம்பிகளை ரிம்மில் பூட்டும் நிப்பிள்கள் பித்தளை. இரண்டும் சேர்ந்து 1.8 கிலோவை ஒட்டி வரும். இந்த எடையைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள், நம் மாவட்டத்தில் ஏறுவதற்கு எந்த மலை இருக்கிறது என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பது நெடுங்கால வழக்கம். பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தில் சைக்கிளுக்கு அப்படி எந்தச் சிக்னலும் கிடையாது. அங்கே சீராக அடிக்கும் காற்றால் பெரிய தொல்லை இல்லை. உடம்பைச் சற்றுச் சாய்த்து ஓட்டிவிடலாம். தொல்லை தருவது விட்டுவிட்டு அடிக்கும் வீச்சுதான். இராமேஸ்வரம் நோக்கிச் செல்கையில் வலப்பக்கமாக ஒரு பேருந்து முந்தினால், அதன் நீளம் கடக்கும்வரை காற்று அடங்கிவிடும்; வலப்பக்கம் சாய்ந்திருந்த உடம்பு அந்தக் கணத்தில் பேருந்தை நோக்கியே இழுபடும். பேருந்தின் பின்பகுதி விலகியதும் அதே காற்று மொத்தமாக வந்து முன்சக்கரத்தில் மோதும். ஆழமான ரிம் என்றால் அந்த மோதலில் ஹேண்டில்பாரே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். நண்பரின் 50 மி.மீ. சக்கரங்களை மாட்டி இதே பாலத்தில் ஓட்டியபோது, இரண்டு கைகளாலும் பாரை இறுக்கிப் பிடித்திருந்ததில் முழங்கை வரை வலி ஏறியது. இந்த 23 மி.மீ. ரிம்மிலும் வீச்சு தெரியத்தான் செய்கிறது. ஆனால் சைக்கிள் மொத்தமாக ஒரு சாண் நகர்கிறதே தவிர, பார் கையை மீறித் திரும்புவதில்லை.

பின்சக்கரத்தின் கணக்கு வேறு. அது திசை திருப்பும் சக்கரமில்லை என்பதால், பக்கவாட்டுக் காற்று அதைத் தள்ளினாலும் கைக்கு அவ்வளவாகத் தெரியாது. சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாக வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்றில் நெடுந்தூரம் மிதிப்பவர்கள் பின்னால் மட்டும் 50 மி.மீ. ரிம் போட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. எதிர்காற்றில் நாம் மெதுவாகப் போனாலும் நம்மை எதிர்க்கும் காற்றின் வேகம் அதிகம் என்பதால், எதிர்காற்றை எளிதாக வெட்டும் ஆழமான ரிம்மின் பலன் அங்கே ஓரளவு கிடைக்கும்.

கம்பி விஷயத்தில் தட்டைக் கம்பிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். காற்றை வெட்டுவதில் அவற்றுக்குச் சிறிய ஆதாயம் உண்டு. விலையோ உருண்டைக் கம்பியைப்போலப் பல மடங்கு. அதைவிட முக்கியமானது, கோட்டம் எடுக்கும்போது தட்டைக் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பிளவுள்ள தனிக் கருவியால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிப்பிளைத் திருப்ப வேண்டும் என்பது. உச்சிப்புளியிலோ தங்கச்சிமடத்திலோ உள்ள சைக்கிள் கடையில் அந்தக் கருவியை எதிர்பார்க்க முடியாது. உருண்டைக் கம்பிக்கு நிப்பிள் சாவி ஒன்றே போதும். 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் ரிம் பிரேக்கில் உரசி வண்டி அங்கேயே நின்றுவிடக்கூடும்; 28 இருந்தால் பெரும்பாலும் பிரேக்கைச் சற்றுத் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம்.

உப்புக்காற்றை மறந்துவிட்டு இங்கே சக்கரம் வாங்கக் கூடாது. எடை குறைப்பதற்காகப் போடும் அலுமினிய நிப்பிள்கள், குறிப்பாகக் கார்பன் ரிம்மில், உப்பு ஈரம் பட்டுப்பட்டு அரித்துப்போகின்றன. நண்பரின் சக்கரத்தில் நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தது; சாவியை வைத்துத் திருப்பியதும் தலை உதிர்ந்து கையோடு வந்தது. பித்தளையில் அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. 105 ஹப்பில் தனிக் குண்டுகளும் அவை உருளும் கோனும் இருப்பதால், தனுஷ்கோடி மணல் உள்ளே போனாலும் உள்ளூரிலேயே பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டிவிடலாம்.

குறை இல்லாமலில்லை. 28 மி.மீ. டயருக்கு 18 மி.மீ. உள் அகலம் கொஞ்சம் ஒடுக்கம். 20 இருந்திருந்தால் டயர் இன்னும் நன்றாக உட்கார்ந்திருக்கும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் சாலையில் ஏறிக் கிடக்கும் மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மின் பக்கச் சுவரைத் தேய்ப்பதும் உண்மை. அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்களின் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருந்தால், இதே ரிம்மின் டிஸ்க் வகையை வாங்கிக்கொள்ளலாம்.

கட்டி வாங்கும்போது பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் சுமார் 110 முதல் 120 கிலோ இழுவிசையில் இருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இழுவிசை குறைந்தால் இடப்பக்கம் இன்னும் தளர்ந்து, நாளடைவில் கம்பிகள் ஹப் அருகே வளைவில் அறும். முன்சக்கரம், பின்சக்கரத்தின் வலம், இடம் என மூன்றுக்கும் கம்பி நீளம் வேறுபடலாம்; எனவே ஒவ்வொன்றிலும் இரண்டு உபரிக் கம்பிகளைக் கடையிலேயே கேட்டு வாங்கி, நீளத்தை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.